கீரைக்குமா கணக்கு, கண்ணு?

சோற்றைக் குறைத்து முட்டையும் கறியும் காயுமாகச் சாப்பிடுகிறவர்கள் இன்று கொங்கு நாட்டில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்கள் அதிகம் தடுமாறும் இடம் காய்கறி. எந்தக் காயை எண்ண வேண்டும், எதை எண்ணவே வேண்டாம்? சென்னிமலை அடுப்படி ஒன்றில் போட்டுப் பார்த்த கணக்கு இது.

சென்னிமலையில் என் பெரியம்மா வீட்டு அடுப்படியில் தராசு என்று ஒன்று இருந்ததே இல்லை. அரிசி அளக்கப் படி உண்டு. பருப்புக்கு ஆழாக்கு உண்டு. மற்றதெல்லாம் கை அளவுதான். போன தை மாதம் அந்த அடுப்பு மேடைமேல் முதன்முதலாக ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வந்து உட்கார்ந்தது. வாங்கிப் போனது நான்.

பெரியம்மாவுக்கு வயது 62. 40 வருடம் தறிக்குழியில் கால் மாற்றி மிதித்துப் போர்வை நெய்தவர். சர்க்கரை வந்து 11 வருடம் ஆகிறது. மகன் சொல்லி, மருத்துவரையும் கேட்டுக்கொண்டு, சோற்றையும் ராகிக் களியையும் விட்டுவிட்டுக் குறைந்த மாவுச்சத்து உணவுக்கு மாறியிருந்தார். ஒரு நாளைக்கு 40 கிராம் மாவுச்சத்தைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவர் போட்டுக் கொடுத்த எல்லை. முதல் மாதம் சர்க்கரை நன்றாக இறங்கியது. இரண்டாவது மாதம் அப்படியே நின்றது. சில நாள் ஏறவும் செய்தது.

பழி கீரைமேல் விழுந்தது. போனில் யாரோ அனுப்பிய பட்டியல் ஒன்றில் கீரை, காலிஃபிளவர், முட்டைக்கோஸ் எல்லாவற்றுக்கும் நேரே எண்கள் போட்டிருந்தார்கள். எதற்கு வம்பு என்று மூன்றையும் நிறுத்திவிட்டார் பெரியம்மா. பத்து நாளில் வயிறு கட்டிக்கொண்டது. ராத்திரியில் கெண்டைக்கால் குரக்கை இழுத்தது. சர்க்கரை மட்டும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

நான் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். "ஏங்கண்ணு, கீரைக்குமா கணக்குப் பாக்கோணும்? சோறு வேண்டாம்னாங்க, விட்டாச்சு. கீரையும் வேண்டாம்னா அப்பறம் எதைத்தான் திங்கறது?"

அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மறு வாரம் தராசோடு போனேன். மூன்று நாள், வாய்க்குள் போகிற ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதுவது என்று முடிவு செய்தோம்.

களியிலிருந்து பாதாமுக்கு

அரிசியும் பருப்பும் கலந்து ஆக்கும் அரிசிம்பருப்புச் சோறு, ராகிக் களி, கம்மஞ்சோறு, சந்தகை, நோம்பி என்றால் ஒப்பிட்டு. கொங்குச் சாப்பாடு மாவுச்சத்தை அடித்தளமாக வைத்து எழுந்தது. காட்டிலும் தறியிலும் நாள் முழுக்க உடம்பு உழைத்த காலத்தில் அதில் குறை ஒன்றும் இல்லை. உழைப்பு குறைந்தது. தட்டு குறையவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான தேசிய ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் அது 14.4 சதவீதம்.

2010-களின் நடுவில் தமிழில் ஒரு அலை எழுந்தது. நியாண்டர் செல்வன் எழுதிய கட்டுரைகளும், 'பேலியோ டயட்' என்ற அவருடைய நூலும், அவர் தொடங்கிய 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' என்ற முகநூல் குழுவும் ஆயிரக்கணக்கான வீடுகளின் காலை உணவையே மாற்றின. இட்லித் தட்டு இருந்த இடத்தில் வறுத்த பாதாம் வந்தது. 'காலையில் 100 பாதாம்' என்பது அந்த உணவு முறையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. பெயர் பேலியோவானாலும் கீட்டோவானாலும் அடிப்படை ஒன்றுதான். மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பை எரிபொருளாக்குவது. மாவுச்சத்து நாளுக்கு 20 முதல் 50 கிராமுக்குள் அடங்கும்போது கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்னும் பொருளைச் செய்து உடம்புக்குத் தருகிறது. கீட்டோ என்ற பெயர் அதிலிருந்து வந்தது.

இந்த எண்ணும் பழக்கம் உடம்பு இளைப்பதற்காகப் பிறந்தது அல்ல. 1921-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் கீட்டோ உணவுக்கு அந்தப் பெயரை வைத்தது வலிப்பு நோய்க்காக. மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகளுக்கு இன்றும் அது சிகிச்சை. அதே மருத்துவமனையின் பீட்டர்மன் 1925-ல் வகுத்த முறையில் குழந்தைக்கு நாள் முழுவதற்கும் 10 முதல் 15 கிராம் மாவுச்சத்துதான். அங்கே ஒரு துண்டு கேரட்டையும் நிறுத்துத்தான் தட்டில் வைக்க வேண்டும், ஏனென்றால் அது மருந்து. அந்தக் கண்டிப்பு சர்க்கரைக்காகவும் எடைக்காகவும் சாப்பிடுகிற பெரியவர்களின் தட்டுக்கு அப்படியே வந்து சேர்ந்ததில்தான் குழப்பம் தொடங்குகிறது. நோக்கம் வேறானால் கணக்கின் கண்டிப்பும் வேறாக வேண்டும்.

எந்த மாவுச்சத்தை எண்ணுவது?

காயில் இருக்கும் மாவுச்சத்து முழுவதும் ரத்தத்தில் சர்க்கரையாகச் சேர்வதில்லை. அதில் ஒரு பங்கு நார்ச்சத்து. அதை உடைக்கும் நொதி நம் குடலில் கிடையாது. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகள் அதைத் தின்று கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. ரத்தச் சர்க்கரை அதனால் ஏறுவதில்லை. ஆக மொத்த மாவுச்சத்திலிருந்து நார்ச்சத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் கணக்கில் வர வேண்டியது. இதைத்தான் கீட்டோக்காரர்கள் 'நெட் கார்ப்' என்கிறார்கள். நிகர மாவுச்சத்து என்று நாம் சொல்லலாம்.

இந்தக் கழித்தலைச் சர்க்கரை நோயாளிகளுக்காக முறைப்படி செய்தவர்கள் லண்டனில் இருந்த இருவர். இன்சுலின் புதிதாகப் புழக்கத்துக்கு வந்த காலம் அது. ஆர்.டி. லாரன்ஸ் தாமே சர்க்கரை நோயாளியாக இருந்து இன்சுலினால் பிழைத்த மருத்துவர். அவரோடு ஆர்.ஏ. மெக்கேன்ஸ் சேர்ந்துகொண்டு காய்களையும் பழங்களையும் பச்சையாகவும் வேகவைத்தும் சோதித்தார். 1929-ல் வெளியான அவர்களுடைய அறிக்கை மாவுச்சத்தை இரண்டாகப் பிரித்தது. உடம்புக்குக் கிடைப்பது ஒன்று, கிடைக்காதது மற்றொன்று. இன்று போன் செயலியில் நாம் தட்டிப் பார்க்கும் எண்ணின் வேர் அங்கே இருக்கிறது.

நம் காய்களின் கணக்குக்கு வேர் இன்னும் பக்கத்தில் இருக்கிறது. சென்னிமலையில் காலையில் கிளம்பி மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினால் மதியத்துக்குள் குன்னூர் போய்விடலாம். அங்கே பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில் 1918-ல் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய ஆய்வுதான் பின்னாளில் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. மெக்கரிசனுக்குப் பிறகு வந்த ஆக்ராய்டு, இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையை 1937-ல் வெளியிட்டார். நம் கத்தரிக்கும் வெண்டைக்கும் முருங்கைக்கும் எண்கள் பிறந்தது நீலகிரியின் குளிரில். 1958-ல் அந்தக் கூடம் ஹைதராபாதுக்கு இடம் மாறி, 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. சேலத்தில் பிறந்த சி. கோபாலன் தம் சக ஆய்வாளர்களோடு 1971-ல் கொண்டுவந்த அட்டவணை நூல்தான் நம் கல்லூரிகளில் பல பத்தாண்டுகள் கையேடாக இருந்தது. 2017-ல் அதே நிறுவனம் 528 உணவுப் பொருள்களைப் புதிதாகச் சோதித்து மறு அட்டவணை வெளியிட்டது.

பழையதற்கும் புதியதற்கும் நடுவே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பழைய முறையில் அமிலத்திலும் காரத்திலும் கொதிக்கவைத்து மிஞ்சும் சக்கையை மட்டும் நார் என்று எழுதினார்கள். கொதியில் கரைந்துபோன நாரெல்லாம் மாவுச்சத்துக் கணக்கில் ஏறிவிட்டது. அதனால் பழைய நூலில் 100 கிராம் கேரட்டுக்கு 10.6 கிராம் மாவுச்சத்து. நார் முழுவதையும் நொதிகளைக் கொண்டு அளந்த புதிய அட்டவணையில் அது ஏறக்குறைய 6 கிராம். கேரட் மாறவில்லை. அளக்கும் முறை மாறியிருக்கிறது.

இதோடு வெளிநாட்டு வேறுபாடும் சேர்கிறது. அமெரிக்க அட்டவணையில் மாவுச்சத்து என்றால் நாரும் சேர்ந்த மொத்தம். அதில் நாரைக் கழிக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகளின் பாக்கெட்டுகளில் நாரைக் கழித்த பிறகுதான் மாவுச்சத்து என்று அச்சிடுகிறார்கள். நம் 2017 அட்டவணையும் அப்படித்தான், நார் ஏற்கெனவே கழிந்த எண். இது தெரியாமல் முதல் நாள் நானே தவறு செய்தேன். தண்டுக்கீரையின் மாவுச்சத்து 2 கிராம் சொச்சம், நார் 4 கிராம் சொச்சம் என்று பார்த்துவிட்டு இதிலிருந்து அதைக் கழித்தேன். சுழியத்துக்கும் கீழே போனது. ஒரு காயில் மாவுச்சத்து சுழியத்துக்குக் கீழே இருக்க முடியாது என்று அப்போதுதான் உறைத்தது. கீரையாக இருந்ததால் பிழை கண்ணில் பட்டது. இதுவே வெண்டையாகவோ அவரையாகவோ இருந்திருந்தால் தவறான எண் சரியான எண்ணைப் போலவே நோட்டில் உட்கார்ந்திருக்கும். ஆகவே எந்தப் பட்டியலைக் கையில் எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, நார் கழிந்த கணக்கா, கழியாத கணக்கா என்பதைத்தான்.

கூறும் கட்டும்

அட்டவணை 100 கிராம் என்று பேசுகிறது. நம் சந்தை அப்படிப் பேசுவதில்லை. கீரை கட்டுக் கணக்கு. தக்காளியும் கத்தரியும் கூறு கட்டி வைத்திருப்பார்கள். முருங்கைக்காய் எண்ணிக்கை. வீட்டுக்கு வந்தால் கைப்பிடி. செயலியைத் திறந்தால் அது 'கப்' என்கிறது. அந்தக் கப் அமெரிக்காவில் 240 மில்லி கொள்ளும் பாத்திரம். நம் வீட்டு டம்ளரோடு அதற்கு உறவே இல்லை. நறுக்கிய கோஸை அதில் தளர்வாகப் போட்டால் ஒரு எடை, அழுத்திப் போட்டால் வேறு எடை.

ஆகவே முதல் விதி, கிராமில் நிறுப்பது. இரண்டாவது, தோலும் காம்பும் நாரும் நீக்கிய பிறகு நிறுப்பது. முருங்கைக்காயில் நாம் சப்பித் துப்புவது கணக்கில் வராது. மூன்றாவது, சமைக்கும் முன்னால் நிறுப்பது. ஒரு கட்டுக் கீரையை ஆய்ந்தால் சட்டி நிறைய நிற்கும், வெந்ததும் ஒரு கைப்பிடியாகச் சுருண்டுவிடும். போனது தண்ணீர்தான், மாவுச்சத்து உள்ளேயே இருக்கிறது. அரிசி இதற்கு நேர் எதிர். 100 கிராம் பச்சரிசியில் 78 கிராம் மாவுச்சத்து. தண்ணீர் குடித்துச் சோறாகும்போது 100 கிராமுக்கு 28 என்று குறைந்து தெரியும். பச்சைக் காயின் எண்ணை வெந்த காயின் எடையோடு பெருக்கினால் கணக்கு குளறும்.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பெரியம்மாவின் மூன்று நாளை எழுதினோம். எழுதியது அவருடைய பழைய கூட்டுறவுச் சங்க நோட்டில். எம்.பி. நாச்சிமுத்து முன்னின்று வளர்த்த சென்டெக்ஸ் போன்ற சங்கங்களால் நிமிர்ந்த நெசவு ஊர் இது. நூல் வாங்கியது, போர்வை கொடுத்தது, கூலி பெற்றது எல்லாம் அந்த நோட்டுகளில் வரிவரியாக இருக்கும். மிச்சமிருந்த வெள்ளைத் தாள்களில் வெண்டையும் கோஸும் ஏறின.

முதல் நாள் கீரையை மறுபடி ஆக்கச் சொன்னேன். அவர் தட்டுக்கு வந்த பங்கு, பச்சையாக 100 கிராம். மாவுச்சத்து 2 முதல் 3 கிராம். காலிஃபிளவர் 150 கிராம், நாலரை கிராம். இவை இரண்டையும் தாம் 40 கிராம் எல்லையைத் தாண்டக் காரணம் என்று நினைத்து அவர் பத்து நாள் பட்டினி போட்டிருந்தார். சேர்த்துக் கூட்டினாலும் 8 கிராமைத் தொடவில்லை. 200 கிராம் சோற்றில் 56 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அவ்வளவு மாவுச்சத்து முட்டைக்கோஸிலிருந்து கிடைக்க வேண்டுமானால் ஒன்றே முக்கால் கிலோ கோஸைச் சாப்பிட வேண்டும். யாராலும் ஆகாது.

வெங்காயம் சொன்ன உண்மை

பிறகு எங்கேதான் ஏறுகிறது? இரண்டாம் நாள் மதியம் அது பிடிபட்டது.

பெரியம்மா முட்டை வதக்கல் செய்துகொண்டிருந்தார். கொங்கு வீடுகளில் சின்ன வெங்காயம் தாளிதப் பொருள் அல்ல, அதுவே ஒரு காய். பள்ளிபாளையம் சிக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். மசாலாப் பொடி கிடையாது. சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ப் பல், எண்ணெய். வெங்காயம் குறைந்தால் அந்தப் பதமே வராது. பெரியம்மாவின் கையும் அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கை. முறத்திலிருந்து உரித்த வெங்காயத்தை இரண்டு கையாலும் அள்ளினார். "சித்த இருங்க பெரியம்மா" என்று வாங்கித் தராசில் வைத்தேன். 150 கிராம்.

சின்ன வெங்காயத்தில் 100 கிராமுக்கு 11 முதல் 14 கிராம் வரை நிகர மாவுச்சத்து உண்டு. பெரிய வெங்காயத்தைவிட அதிகம், ஏனென்றால் இதில் தண்ணீர் குறைவு. அந்த இரண்டு கை வெங்காயம் மட்டும் 20 கிராமை நெருங்கியது. ஒரு நாள் எல்லையில் பாதி அங்கேயே முடிந்தது. மூன்று முட்டையின் மாவுச்சத்து 2 கிராம்கூடத் தேறாது.

சாயங்காலம் அடுத்தது. ஒரு கிண்ணம் கொள்ளுச் சுண்டல். 'இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று கேட்டு வளர்ந்த ஊரில் கொள்ளை யார் சந்தேகப்படுவார்கள்? கொள்ளு புரதமும் நாரும் உள்ள நல்ல பயறு. ஆனால் 100 கிராமில் 57 கிராம் மாவுச்சத்து உண்டு. அன்று ஊறவைத்தது 50 கிராம். கணக்கு 28. கொள்ளு ரசம் குடித்தால் இந்த அளவு வராது, தெளிவாக இறுத்ததில் கொஞ்சம்தான் இறங்கும். சுண்டல் அப்படியல்ல, முழுப் பயறும் வயிற்றுக்குள் போகிறது. வெங்காயமும் கொள்ளும் சேர்ந்து 48. அந்த இரண்டிலேயே எல்லை தாண்டியாயிற்று. பாவம், கீரை.

நோட்டைப் பார்த்துக்கொண்டே பெரியம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார். "பாவுல ஒரு இழை போச்சுன்னா துணி முழுக்கக் கோடு விழுகும் கண்ணு. ஊடையில ஒண்ணு தப்புச்சுன்னா அந்த எடத்தோட போச்சு. பாவை எண்ணித்தான் ஆகோணும். ஊடையைக் கை பாத்துக்கும்."

நான் படித்த எந்த உணவுக் கட்டுரையும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. சோறு, கிழங்கு, பயறு, சின்ன வெங்காயம் இவையெல்லாம் பாவு. இவற்றில் ஒரு கை கூடினாலும் நாள் முழுவதும் கோடு விழும். கீரை, சுரை, புடலை, கத்தரி எல்லாம் ஊடை. 50 கிராம் கூடினால் ஒன்றரை கிராம், அந்த இடத்தோடு போகும். கீரையை எண்ணிக்கொண்டு வெங்காயத்தை எண்ணாமல் விட்டால், ஊடையை எண்ணிப் பாவைக் கைவிட்ட நெசவு அது.

நம்ம ஊர்க் காய்க் கணக்கு

(தோல் நீக்கிய 100 கிராம் பச்சைக் காயில் நிகர மாவுச்சத்து, ஏறத்தாழ. ரகத்துக்கும் முற்றலுக்கும் ஏற்ப மாறும்.)

எண்ணவே வேண்டாம், 4 கிராமுக்குள்: தண்டுக்கீரை, பாலக்கீரை, முள்ளங்கி, பாகற்காய், சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், வெண்பூசணி, வெள்ளரி, கத்தரி, தக்காளி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், மேராக்காய், குடைமிளகாய், காளான்.

கண்ணில் வைத்துக்கொண்டால் போதும், 4 முதல் 7 கிராம்: வெண்டை, பீன்ஸ், முருங்கைக்காய், முருங்கைக்கீரை, கேரட், பீட்ரூட், அரசாணிக்காய், தேங்காய்.

நிறுத்துப் போட வேண்டியவை: பெரிய வெங்காயம் 7 முதல் 10, பச்சைப் பட்டாணி 9, சின்ன வெங்காயம் 11 முதல் 14, உருளைக்கிழங்கு 15, சர்க்கரைவள்ளி 17-க்கு மேல், குச்சிக்கிழங்கு 36. பூண்டில் 20-க்கு மேல் உண்டு. ஆனால் நாலு பல் சேர்ந்தாலும் 15 கிராம் எடைதான், அதனால் பயம் வேண்டாம்.

பாதாம்: 100 பருப்பு ஏறக்குறைய 120 கிராம். நிகர மாவுச்சத்து 11 கிராம், ஆற்றல் 700 கலோரிக்குப் பக்கம்.

விரத நாள் தட்டு

கறியிலும் மீனிலும் முட்டையிலும் மாவுச்சத்து இல்லை என்றே சொல்லிவிடலாம். அவற்றைச் சாப்பிடும் நாளில் 40 கிராமும் காய்க்கென்றே மிச்சமிருக்கும். கிருத்திகை, சஷ்டி, புரட்டாசிச் சனி என்று வரும்போதுதான் நெருக்கடி. கந்த சஷ்டிக் கவசம் அரங்கேறிய தலம் என்று போற்றப்படும் ஊர் இது. 1,320 படி ஏறி முருகனைப் பார்க்கும் ஊரில் விரதத்தை விடு என்று யாரும் சொல்லப்போவதில்லை. பெரியம்மாவும் விடமாட்டார்.

அந்த நாள்களில் வழக்கமாக நடப்பது உருளைக்கிழங்குப் பொரியலும் பயறுமாகத் தட்டு நிறைவதுதான். அதற்குப் பதிலாக ஒரு விரத நாளில் சுரைக்காய்க் கூட்டைப் பருப்பில்லாமல் தேங்காய் அரைத்துவிட்டு ஆக்கினோம். கத்தரிக்காயைக் கடலெண்ணெயில் வதக்கிப் பனீரோடு சேர்த்தோம். காலிஃபிளவரைத் துருவித் தயிர் ஊற்றி, கடுகும் இஞ்சியும் கறிவேப்பிலையும் தாளித்தால் தயிர்சோறு இல்லாத குறை பாதி தீரும். 20 கிராம் தேங்காய்த் துருவலுக்கு ஒன்றரை கிராம்கூட ஆகாது. காட்டோரம் மழைக்குப்பின் முளைக்கும் பண்ணைக்கீரையும், வேலியோரத்துச் சுக்குட்டிக்கீரையும் (மணத்தக்காளியைத்தான் இந்தப் பக்கம் அப்படிச் சொல்வோம்) வெளிநாட்டுச் செயலிகளின் பட்டியலில் இருக்காது. கீரை கீரைதான், தயங்காமல் ஆக்குங்கள் என்றேன். அன்றைய மொத்தக் கணக்கு 31 கிராமில் நின்றது. வயிறும் நிறைந்தது.

யார் பார்த்துச் செய்ய வேண்டும்

காய்க் கணக்குக்கு முன்னால் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. மாத்திரைக் கணக்கு. இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் மருந்தைக் குறைக்காமல் மாவுச்சத்தை மட்டும் திடீரென்று குறைத்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கி மயங்கி விழ நேரும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் கீட்டோவில் இறங்கினால், ரத்தச் சர்க்கரை சாதாரணமாகத் தெரியும்போதே உடம்பில் அமிலம் கூடி உயிருக்கு ஆபத்தாகலாம். குழந்தைப் பருவத்திலிருந்தே இன்சுலினை நம்பி இருப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறுநீரக நோயாளிகள் தாமாக இதைத் தொடவே கூடாது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாதாமிலும் பாலக்கீரையிலும் ஆக்சலேட் அதிகம். தினம் இரண்டையும் நிறையச் சேர்த்தால் கல் திரும்பி வர வழியுண்டு.

மாவுச்சத்தைக் குறைக்கும்போது உடம்பு தண்ணீரையும் உப்பையும் கூடுதலாக வெளியே தள்ளும். தலைவலி, சோர்வு, காலில் குரக்கை எல்லாம் அதனால் வருகிறது. கீரையையும் காயையும் நிறுத்தினால் அவற்றிலிருந்து கிடைத்த பொட்டாசியமும் மக்னீசியமும் நாரும் சேர்ந்தே போய்விடுகின்றன. பெரியம்மாவுக்கு அந்தப் பத்து நாளில் நடந்தது இதுதான். காயை வெட்டுவது கணக்கை மிச்சப்படுத்தும் வழியே அல்ல.

எல்லாரும் கீட்டோ அளவுக்குப் போகத் தேவையும் இல்லை. சுமார் 18,000 பேரின் உணவை ஆராய்ந்து 2022-ல் வெளியான இந்திய ஆய்வு, நாம் உண்ணும் ஆற்றலில் பாதியளவுக்கு மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டினாலே, புதிதாகச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பெரும் பலன் உண்டு என்று கணித்தது. நம் தட்டில் அது இன்றைக்கு மூன்றில் இரண்டு பங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. அரைத் தட்டுக் காய், கால் தட்டுச் சோறு, கால் தட்டு முட்டையோ கறியோ பனீரோ என்று மாற்றுகிறவரும் நல்ல வழியில்தான் போகிறார். அவருக்குத் தராசே வேண்டாம்.

கீட்டோவோ பேலியோவோ என்று இறங்கியவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு வாரம் மட்டும் நிறுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பாவு எது, ஊடை எது என்று தெரிந்துவிடும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கருவியில் பாருங்கள். அட்டவணை சொல்வது எல்லாருடைய சராசரி. கருவி சொல்வது உங்கள் உடம்பின் பதில். பிறகு கீரைக்கட்டை எடுத்து வைத்துவிட்டு நிம்மதியாக ஆயுங்கள்.

பங்குனி கடைசியில் மறுபடி சென்னிமலை போயிருந்தேன். தராசு அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. நோட்டில் கீரை, கோஸ், சுரைக்காய்க்கெல்லாம் எண் இல்லை, 'ச' என்று மட்டும் எழுதியிருந்தது. சரி என்பதன் சுருக்கமாம். வெங்காயத்துக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் கிராம் போட்டிருந்தார். கொள்ளு, வாரம் ஒருநாள் ரசமாகிவிட்டது. மருத்துவர் ஒரு மாத்திரையைப் பாதியாக்கியிருக்கிறார்.

அன்று ஒரம்பரையாக (விருந்தாளியை இந்தப் பக்கம் அப்படிச் சொல்வோம்) வந்த எனக்காகப் பள்ளிபாளையம் சிக்கன். முறத்திலிருந்து ஒற்றைக் கையால் வெங்காயம் எடுத்தவர், என்னைப் பார்த்து, "நாப்பது கிராம்" என்றார். மேல்தட்டிலிருந்து தராசை இறக்கி வைத்துப் பார்த்தேன்.

43.

"மூணு கிராம் ஒரம்பரைக்கு" என்று சொல்லிவிட்டு வாணலியில் போட்டார்.